கிள்ளானில் அப்பாவின் கூட்டாளி

அப்பாவும் அம்மாவும் கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்று தம்பி போனில் சொன்னபோதே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அப்பா தைப்பிங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை கோலாலம்பூர் என்பது சாவு, கல்யாணம், பெரிய ஆஸ்பத்திரி இந்த மூன்றுக்கும் மட்டும் போக வேண்டிய ஊர். நான் இங்கே வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவர் ஊர் பார்க்கவென்று வந்ததே இல்லை. கூப்பிட்டால், "அங்க என்ன இருக்கு, ஜாம்தான் இருக்கு" என்பார். அம்மாவுக்கு வீட்டுப் பக்கத்திலிருக்கும் ஏரிப் பூங்காவுக்குப் போவதே பெரிய பயணம். இந்த இரண்டு பேருக்கும் பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் இடிபட்டு இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டதாம்.

நான் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் கிளேம்ஸ் பிரிவில் இருக்கிறேன். காருக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர், பின்னால் வந்த லோரி இடித்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பார். எந்தப் பக்கம் இடித்தது, மழை பெய்ததா, லோரி என்ன நிறம் என்று நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போவேன். கடைசியில் அவரே ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் மோதியது வெளியே வரும். இந்த வேலையால்தான் நான் இப்படி ஆனேனா, இப்படி இருந்ததால்தான் இந்த வேலை கிடைத்ததா என்று தம்பி கிண்டல் செய்வான். எனக்கும் தெரியாது.

ஆனால் அந்தத் தடவை நான் சந்தேகப்பட்டதற்கு வேலை காரணமில்லை. அப்பா எனக்குக் கொடுத்திருந்த ஒரு வாக்குதான் காரணம்.

எனக்குக் கல்யாணம் செய்துகொள்வதில் விருப்பம் இல்லை. காதல் தோல்வி, துறவு என்று எதுவும் கிடையாது. என் வீட்டுச் சாவி என்னிடம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் நம் ஆட்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, சொல்லாமல் பெண் பார்க்க ஏற்பாடு செய்வார்கள். மாமா வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போனால் அங்கே தற்செயலாக ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். கோயிலுக்குப் போனால் தற்செயலாக ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து நிற்பார். நான் பாட்டுக்குக் கச்சான் கடலை சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். வீடு திரும்பிய பிறகுதான், "அந்தப் பையன் எப்படி?" என்று அம்மா மெதுவாகக் கேட்பார். எந்தப் பையன் என்றே எனக்குத் தெரியாது.

கடைசியாக நடந்தது ஈப்போவில் ஒரு வளைகாப்பில். கர்ப்பிணிக்கு வளையல் போட வரிசையில் நின்ற என் கையை முன்பின் தெரியாத ஒரு அம்மாள் பிடித்துத் திருப்பி, முழங்கையில் இருந்த தழும்பைக் காட்டி, "இது பொறந்ததுலேர்ந்தா?" என்று அம்மாவிடம் கேட்டார். மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி நான் கத்தினேன். வளையல் போட வந்தவள் சந்தையில் மாடு மாதிரி நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று அழுதேன். வரும் வழியில் அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். "இனிமே உன்கிட்டக் கேக்காம, சொல்லாம உன் விஷயத்துல நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம். இது என் வாக்கு" என்றார். வாக்கு மீறினால் நான் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவேன் என்று நானும் சொன்னேன். சொன்னதைச் செய்யாமல் விடுகிற ஆள் நான் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வாக்கை நம்பித்தான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தைப்பிங் போய் வந்துகொண்டிருந்தேன். அது உடைந்தால் எனக்கு அந்த வீடு இல்லை. ஆகவே அவர்கள் சுற்றிப் பார்க்க வருவதைக் கேட்டு எனக்குக் கோபத்தைவிட முதலில் பயம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கியபோதே முதல் தடயம் கிடைத்தது. அப்பா தலைக்குச் சாயம் அடித்திருந்தார். மீசைக்கும். மலைக் குகையும் கோபுரமும் பார்க்க வருகிறவர் மீசைக்கு எதற்குச் சாயம் அடிக்க வேண்டும்? "நல்லா இருக்குப்பா, யாருக்காக?" என்று நூல் விட்டுப் பார்த்தேன். "வயசானா அடிக்கக் கூடாதா?" என்று வேறு பக்கம் பார்த்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததும் அம்மா பையிலிருந்து ஒரு புது பஞ்சாபி சூட்டை எடுத்தார். எனக்காம். இளம் பச்சை, கழுத்தில் மணி வேலைப்பாடு. நாளைக்கு வெளியே போகும்போது போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் அதைக் கையிலேயே வாங்கவில்லை.

மறுநாள் காலை முதலில் பத்துமலை. முட்டிவலி என்று அம்மா படியேறவில்லை. கீழேயே பெரிய முருகன் சிலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். நெடுநேரம் நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அம்மா இவ்வளவு நேரம் வேண்டிக்கொள்வது கல்யாண விஷயத்துக்கு மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் நானும் படியேறினோம். பாதியில் மூச்சு வாங்க நின்றவர், குரங்கையும் பார்க்கவில்லை, கீழே விரிந்து கிடந்த ஊரையும் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

நாங்கள் இறங்கி வந்தபோது அம்மா நிழலில் உட்கார்ந்து யாரோ ஒரு வயதான தம்பதியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உயரமாக, நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவன். சரிதான், ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?"

"முடியாது."

அவன் திகைத்துப் போய் நிற்கும்போதே இளநீர்க் கடையிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து அவனிடம் இளநீரை நீட்டினாள். மனைவி. அவர்கள் மூவரையும் அப்பா படம் எடுத்துக் கொடுத்தார். காருக்கு நடக்கும்போது அம்மா, "ஏம்மா, போட்டோதானே கேட்டாரு?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு கிளேம் உண்மையாக இருந்தால் அடுத்ததும் உண்மையாக இருக்கும் என்று அர்த்தமில்லையே.

இரட்டைக் கோபுரத்தடியில் நல்ல வெயில். அவரவர் தரையில் படுத்து, உருண்டு, கோபுரத்தின் நுனிவரை படத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா போனை எடுத்து, "நீ மட்டும் தனியா நில்லும்மா" என்றார்.

"கோபுரம் தெரியுதா?"

"கோபுரம் வேணாம். மூஞ்சி தெரியட்டும். கொஞ்சம் சிரி."

இவ்வளவு தூரம் வந்து கோபுரமில்லாமல் படம் எடுக்கிற ஒரே சுற்றுலாப் பயணி என் அப்பாதான். நான் சிரிக்கவில்லை. அவர் எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனில் ஏதோ தட்டினார், அனுப்பினார். யாருக்கு என்று கேட்டேன். தம்பிக்கு என்றார். என் தம்பிக்கு என் முகம் மறந்துவிட்டதா? ஜொகூரில் வேலை பார்க்கும் அவன் போன மாதம்தான் என் வீட்டில் வந்து தங்கி, குளிர்பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போனான்.

மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. அப்பா ரசம் ஊற்றிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"சாயங்காலம் கிள்ளான் வரைக்கும் போயிட்டு வரலாம். அங்க என் கூட்டாளி ஒருத்தர் இருக்காரு."

வந்ததா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரே விபத்தைப் பார்த்த இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கக் கூடாது. அம்மா கைகழுவப் போனதும் அப்பாவிடம், "எந்தக் கூட்டாளிப்பா? எங்க பழக்கம்?" என்றேன். பஸ் ஓட்டின காலத்தில் பழக்கமாம். அவர் பில் கட்டப் போனபோது அம்மாவிடம் அதையே கேட்டேன். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "அப்பாகூட ஒண்ணா படிச்சவரு" என்றார். இரண்டு பேருக்கும் பொய் சொல்லத் தெரியாது. சொல்வதற்கு முன்னால் கலந்து பேசிக்கொள்ளவும் தெரியாது.

அதற்கப்புறம் அம்மா கடைத்தெருவில் வாங்கியதைப் பார்த்தால் கண் தெரியாதவனுக்கும் விளங்கிவிடும். ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, ஒரு பெட்டி லட்டு, வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம்.

"அப்பாவோட கூட்டாளிக்கு எதுக்கும்மா மல்லிகை?"

"அவரு வீட்ல பொம்பளைங்க இருக்க மாட்டாங்களா? சும்மா துருவித் துருவிக் கேக்காத."

தம்பியை அழைத்தேன். நான் ஹலோ சொல்லும் முன்பே, "அக்கா, சாயங்காலம் போறீங்கதானே?" என்றான்.

"சாயங்காலம் எங்கயோ போறோம்னு உனக்கு யாரு சொன்னா?"

"அது வந்து..." என்று இழுத்தான்.

"நீயும் கூட்டா?"

"அக்கா, ப்ளீஸ் லா. ஒரு நாள்தான். மூஞ்சிய மட்டும் சாதாரணமா வச்சிக்க. எனக்காக."

போனை வைத்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் பழைய ஆட்கள். தம்பி அப்படி இல்லை. வளைகாப்பில் நான் கத்தியபோது என் பக்கம் நின்றவன் அவன் ஒருத்தன்தான். எனக்கு அங்கேயே காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் திரும்பிவிடத் தோன்றியது. செய்யவில்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் குற்றம் சாட்டினால் தப்பித்துவிடுவார்கள். போவோம், மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்போம், அவர்களே வேண்டாம் என்று ஓடும்படி செய்வோம், அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசுவோம் என்று முடிவு கட்டினேன். பச்சை பஞ்சாபி சூட்டை அம்மா காருக்குள்ளேயே கொண்டு வந்திருந்தார். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோது, "மாத்திக்கம்மா, நல்ல பொண்ணுல்ல" என்று கெஞ்சினார். நான் கம்பெனி ஓட்டப்போட்டிக்குக் கொடுத்த பழைய டிஷர்ட்டிலேயே போனேன். தோளில் ஒரு கிழிசல் இருந்தது. அது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று.

கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பு. ஒரே மாதிரி வரிசை வீடுகள். எங்கள் கார் நின்றதும் கேட் திறந்தது, காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வாசலில் கிடந்த செருப்புகளை நோட்டம் விட்டேன். வயதான ஆணுடையது, பெண்களுடையவை, நடுவில் ஒரு ஜோடி ஓட்ட ஷூ. அதுதான் மாப்பிள்ளை என்று கணக்குப் போட்டேன். அப்பாவும் அந்த வீட்டு அங்கிளும் கைகுலுக்கிக்கொண்டார்கள். "வாங்க, வாங்க, வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?" என்றார் அங்கிள். ஒன்றாகப் படித்த கூட்டாளியிடம் யாராவது இப்படி மரியாதையாகப் பேசுவார்களா?

கூடத்தில் அங்கிளின் மனைவியும், அந்த ஆன்டியின் அக்காவும் இருந்தார்கள். அக்கா கொஞ்சம் கண்டிப்பான முகம். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், கிழிசலில் கொஞ்சம் நின்றார். இவர்தான் முடிவு எடுக்கிறவர் என்று தெரிந்துவிட்டது. எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

வேலை எங்கே என்று கேட்டார். சொன்னேன். ஊருக்கு அடிக்கடிப் போவதுண்டா என்றார். நினைத்தால் போவேன் என்றேன். அப்புறம் சிரிப்பில்லாமல், "வீட்ல எல்லார்கிட்டயும் ஒத்துப் போவீங்களாம்மா?" என்று கேட்டார்.

இதற்காகத்தானே வந்தேன்.

"மாட்டேன் ஆன்டி. எனக்கு வாய் ஜாஸ்தி. கோபம் வந்தா சட்டி பானை பறக்கும். நாலு பேரு இருக்கற வீட்ல நான் போய் இருந்தா அந்த வீடு ரெண்டாப் போயிடும். முன்னாடியே சொல்லிடறது நல்லது பாருங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். அப்பா மீசையைத் தடவினார், தடவிய கையைப் பார்த்தார். ஆன்டியும் அவருடைய அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். காரியம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்ல இடிக்கும் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். முன்பு தைப்பிங் வீட்டில் அந்தத் தட்டை நானும் தூக்கி வந்திருக்கிறேன்.

திரைச்சீலை விலகியது. ஒரு பெண் வந்தாள். பட்டுச்சேலை, தலையில் பூ, கண்ணில் மை, கையில் தேநீர்த் தட்டு. அப்பாவுக்கு முதலில் கொடுத்தாள், பிறகு அம்மாவுக்கு. அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு என் முன்னால் வந்து குனிந்து, "எடுத்துக்குங்க அக்கா" என்றாள். அவள் கண்ணில் என்னைக் கண்ட பயம் இருந்தது.

கோப்பையை எடுத்தேன். மாப்பிள்ளை வீடு என்று நான் நினைத்து வந்தது பெண் வீடு. பெண் பார்க்க வந்தவர்கள் நாங்கள்.

ஆன்டிதான் மெதுவாகப் பேசினார். "ஜொகூர்ல ஒரே கம்பெனியில வேலை பாக்குறாங்க. உங்க தம்பி நேர்ல வந்து எங்ககிட்டப் பேசிட்டாரு. நல்ல பையன். குடும்பத்தையும் ஒரு தடவை பாத்துடலாம்னுதான். முக்கியமா அக்காவப் பாக்கணும்னு நாங்க கேட்டோம். மதியம் போட்டோ அனுப்பியிருந்தாரு, அதுலயும் இப்படித்தான் மொறைச்சிக்கிட்டு இருந்தீங்க."

கல்யாணமாகாத மூத்த அக்கா. மருமகளாகப் போகிற பெண்ணை வைத்திருக்கிறவர்கள் எதைப் பார்ப்பார்களோ அதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அதற்குத்தான் அந்தக் கேள்விகள். வீட்டோடு இருப்பாளா, வாய்த்துடுக்கா, தங்கள் பெண்ணை வாழவிடுவாளா? நானோ அவர்களுடைய பயம் அத்தனைக்கும் ஒவ்வொன்றாக ஆமாம் சொல்லியிருக்கிறேன்.

வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. காலையிலிருந்து நான் யாரை விரட்டத் தயாராகிக்கொண்டிருந்தேனோ அப்படி ஒருவரும் இல்லை. என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. வாக்கு உடையவில்லை, நான் ஜெயித்துவிட்டேன், நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சோபாவில் எனக்கு நெஞ்சில் குத்தியது. அது ஏன் என்று அப்போது எனக்கே புரியவில்லை, கோபமாகக்கூட இருந்தது.

தேநீர் குடித்தார்கள். கண்டிப்பான அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம், "சரிங்க, நாங்க வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார்.

அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் தெரியாதவர் யாருமில்லை. அந்தப் பெண் திரைச்சீலை ஓரம் நின்றபடி தரையைப் பார்த்தாள். தம்பி போனில் 'எனக்காக' என்று சொன்னது எனக்கு அப்போதுதான் சரியாகக் கேட்டது.

"ஆன்டி, ஒரு நிமிஷம்" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "நான் தப்பா நெனச்சிட்டேன். நீங்க மாப்பிள்ளை வீடுன்னு நெனச்சேன். என்னைய ஏமாத்திப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு நெனச்சி, உங்கள வெரட்டறதுக்காகத்தான் அப்படிப் பேசினேன். இந்தக் கிழிஞ்ச சட்டைய மாத்தாம வந்ததும் அதுக்குத்தான். அம்மா புது பஞ்சாபி சூட் வாங்கியிருந்தாங்க, கார்ல இருக்கு, வேணும்னா எடுத்துட்டு வந்து காட்டறேன்."

முதலில் சிரித்தது அந்தப் பெண். சிரித்துவிட்டுப் பயந்து சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அங்கிள் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்ப சட்டி பானை?" என்றார் கண்டிப்பான அக்கா.

"என் வீட்ல இருக்கறதே ஒரு சட்டிதான் ஆன்டி. அதையும் எறிஞ்சிட்டா சோத்துக்கு எங்க போறது."

அவரும் சிரித்தார். ஆனால் விடவில்லை. சிரிப்பு அடங்கியதும் முன்னால் குனிந்து, அவ்வளவு நேரமும் கேட்காத குரலில் கேட்டார். "தம்பிக்கு முன்னாடி நடக்குதேன்னு உங்களுக்கு வருத்தம் இல்லியேம்மா?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா தன் வளையல்களைப் பார்த்தார். இந்தக் கேள்வியைக் கேட்கத் தைரியம் இல்லாமல்தான் இரண்டு பேரும் காலையிலிருந்து என்னைப் பத்துமலைக்கும் கோபுரத்துக்கும் இழுத்துக்கொண்டு அலைந்தார்கள் என்று தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டார்.

"எனக்கே இப்பத்தான் தெரியும் ஆன்டி. வருத்தப்பட இன்னும் டைம் கெடைக்கல" என்றேன். பிறகு, "இல்ல. வருத்தம் இல்ல" என்றேன். தம்பியைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

நாங்கள் கிளம்பும்போது அம்மா மல்லிகைச் சரத்தை அந்தப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டார். அவள் வாசலில் கிடந்த அந்த ஓட்ட ஷூவை மாட்டிக்கொண்டு, பட்டுச்சேலையோடு, கார் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். அடுத்த வாரம் நல்ல நாள் பார்த்துப் பேசலாம் என்று அங்கிள் அப்பாவிடம் சொன்னார்.

நெடுஞ்சாலை ஏறினோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாதான் ஆரம்பித்தார்.

"சொல்லியிருக்கணும்மா. சொன்னா நீ மனசு ஒடஞ்சிடுவியோன்னு அம்மா பயந்துச்சு. எனக்கும் வாய் வரல."

"உங்க வாக்க மீறிட்டீங்கன்னு நெனச்சேன்பா. காலையிலேர்ந்து. இன்னையோட வீட்டுக்கு வர்றத நிறுத்திடணும்னு நெனச்சிக்கிட்டே வந்தேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். என்னைச் சமாதானப்படுத்தும் குரலில்தான் சொன்னார்.

"என்னம்மா நீ. உனக்குப் பாக்கறத நாங்க எப்பவோ நிறுத்திட்டோம்."

சோபாவில் குத்தியது என்ன என்று அப்போது தெரிந்துவிட்டது. வருஷக்கணக்காக ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு கோயிலிலும், பக்கத்தில் வந்து நின்ற ஒவ்வொருவரையும் முறைத்துக்கொண்டு நான் காவல் காத்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஆளே இல்லை. இவர்கள் எப்போதோ ஒரு நாள், வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து, இனி இவளுக்கு நடக்காது என்று பேசி முடித்துவிட்டு, அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விளக்கை அணைத்துப் படுத்திருக்கிறார்கள்.

"நிறுத்தினதையாவது சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். "கேக்காம செய்ய மாட்டோம்னு சொன்னீங்க. நிறுத்தறதையும் கேக்காமதானே செஞ்சீங்க."

முன்கண்ணாடியில் மழைத்துளிகள் விழுந்தன, வைப்பரைப் போட்டேன். பின் இருக்கையிலிருந்து அம்மா கேட்டார்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"நிறுத்துங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்பறம் என்ன?"

"அத நான் சொல்லியிருப்பேன்லம்மா."

டோல் வந்தது, கார்டைக் காட்டினேன், தடுப்புக் கம்பம் உயர்ந்தது. மழை வலுத்துவிட்டது. பிறகு அம்மா இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசுவது போன்ற மரியாதையான குரலில் கேட்டார்.

"சரி. இப்பக் கேக்கறேன். உனக்குப் பாக்கணுமா, வேணாமா?"

பல வருஷமாக வாயிலேயே வைத்திருந்த பதில் அது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச தூரம் தேவைப்பட்டது. அதற்கு முன் நான் சொன்னதெல்லாம் ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போன பிறகு கத்தியவை. கேட்டு, யோசித்து, பதில் சொல்ல எனக்கு அதுவரை வாய்க்கவே இல்லை.

"வேணாம்மா" என்றேன்.

அம்மா என் தோளில் இருந்த கிழிசலை விரலால் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"சரி" என்றார்.